வாங்கி மாட்டுவது வேறு, புரிந்து மாற்றுவது வேறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே பக்கத்தில் ஒரு தலையங்கம் எழுதினேன். எஸ்.பி.எம். ஆண்டில் இருக்கும் மாணவர்கள் பொழுதுபோக்குகளை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பாடநூலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெற்றோர் பலர் பாராட்டினார்கள். அதைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அப்படி ஒட்டப்பட்ட ஒரு சுவரைப் போன மாதம் நானே நேரில் பார்த்தேன். அது காஜாங்கில் இருக்கும் என் அக்காள் வீட்டுச் சுவர்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அக்காள் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் தேர்ச்சி பெறவில்லை.

"தம்பி, நீதான் வந்து பேசணும். உங்க அத்தான் அவன் வண்டியப் புடுங்கி ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிட்டாரு. ரெண்டு நாளா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். நீ பேப்பர்ல எழுதுற ஆளு, நீ சொன்னா கேப்பான்."

வண்டி என்றதும் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைத்தேன். உரிமம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டுவிட்டானோ என்ற கவலையோடு மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். அத்தான் ஸ்டோர் அறையைத் திறந்து காட்டினார். ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளத்தில், சேறு படிந்த ஜீப் ஒன்று பழைய துணியின்மேல் உட்கார்ந்திருந்தது. ரிமோட்டில் ஓடும் ஜீப்.

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

"பொம்மைதானேன்னு நெனைக்காத மச்சான். ஆயிரம் வெள்ளிக்கு மேல போயிருச்சு. தீபாவளிக்கு வந்த காசு, லீவுல வேலை செஞ்ச காசு, எல்லாம் இதுலதான். வாங்கி மாட்டுவான், உடையும், மறுபடி வாங்குவான்."

அத்தான் லாரி ஓட்டுநர். ஒரு வெள்ளியைச் சம்பாதிக்க எத்தனை மைல் ஓட வேண்டும் என்று அறிந்தவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் அவர் பக்கம்தான் நின்றேன். ஆனால், ஓடுவதைப் பார்க்காமல் ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

வேகமாக ஓடாத வண்டி

இதற்கு ராக் கிராலர் என்று பெயர். பாறையேறும் வண்டி என்று நாம் சொல்லலாம். ரிமோட் கார் என்றாலே சீறிப் பாய்வதுதான் நம் நினைவுக்கு வரும். இது நேர்மாறானது. மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகவே பெரும்பாலும் நகரும். பாறைமேல் ஒரு சக்கரத்தை வைத்து, பிடிமானம் கிடைக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த சக்கரத்தைத் தூக்கி வைப்பதுதான் இதன் ஆட்டம். முதலில் வந்து சேர்வது பெருமையில்லை, கவிழாமல் வந்து சேர்வதுதான் பெருமை.

நம் நாட்டுக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில், மழைக்காலத்துக் காட்டுச் சேற்றில் நான்கு சக்கர உந்து வண்டிகள் படும் பாட்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு லேண்ட் ரோவர் செம்மண் மேட்டில் முனகிக்கொண்டே ஏறிய காட்சி நினைவிருக்கும். அதே வேலையைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்வதுதான் இந்த வண்டி.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்த விதமே சுவையானது. தமியா என்ற ஜப்பானிய நிறுவனம் 1987-இல் கிளாட் பஸ்டர் என்றொரு ராட்சதச் சக்கர வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார், நான்கு சக்கரங்களும் திரும்பும். அது பாறை ஏறுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆர்வலர்கள் அதன் அச்சுகளைக் கழற்றி, தாங்களே வெட்டி வளைத்த சட்டங்களில் பூட்டி, பாறை ஏறும் வண்டிகளாக மாற்றினார்கள். கடையில் தயாராகக் கிடைக்கும் வண்டிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஆக, 'மாற்றிப் பார்ப்பது' என்பது இந்தப் பொழுதுபோக்கின் பிறவிக் குணம். அதைச் சரியாகச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஆற்றங்கரையில் ஒரு பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட் பக்கம் ஆற்றங்கரைக்குப் போனோம். பையன் வழியெல்லாம் பேசவில்லை. வண்டியைப் பாறைமேல் வைத்ததும் வாய் திறந்தான். சொல்லச் சொல்ல நான் வியந்துபோனேன்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண வாகனத்தில் என்ன நடக்கும்? டிஃபரென்ஷியல் என்ற பகுதி, தடையில்லாத சக்கரத்தைச் சுழலவிடும். காற்றில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். இந்த வண்டியில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். அதனால் பாறையில் பிடிமானம் உண்டு. ஆனால் திரும்புவதற்கு அதிக இடம் வேண்டும், கியர்களுக்கும் சிரமம் கூடும். "ஒண்ணு கெடைச்சா ஒண்ணு போவும் மாமா," என்றான்.

டயருக்குள் காற்றழுத்தம் இல்லை, பஞ்சு போன்ற ஃபோம் இருக்கிறது. டயரிலோ சக்கரத்திலோ சிறு துளைகள் உண்டு. எடை விழும்போது காற்று வெளியேறி, டயர் பாறையின் மேடு பள்ளத்தைக் கவ்விக்கொள்கிறது. சில வண்டிகளில் அச்சின் நடுப்பகுதி சக்கரத்தின் மையத்தைவிட உயரத்தில் இருக்கும். சக்கரத்தருகே கூடுதல் கியர்களை வைத்து இதைச் சாதிக்கிறார்கள். டிராக்ஸஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4 வண்டியில் இந்த அமைப்பு உண்டு. பெரிய வண்டிகளில் யூனிமோக் லாரியிலும் இதைக் காணலாம். வயிற்றுப் பகுதி பாறையில் இடிக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

"நீங்க ஓட்டிப் பாருங்க மாமா," என்று ரிமோட்டைக் கொடுத்தான். பத்து விநாடியில் பக்கவாட்டில் கவிழ்த்தேன். நிமிர்த்தி வைத்தான். மறுபடியும் கவிழ்த்தேன்.

"உங்க தப்பு இல்ல மாமா. மேல கேரியர் இருக்குல்ல, அதுல ஸ்பேர் டயரு, லைட்டு எல்லாம் வெச்சிருக்கேன். பூசாட் கிராவிதி மேல போயிருச்சு."

"தெரிஞ்சே எதுக்குடா வெச்சிருக்க?"

"பாக்க அழகா இருக்கு."

இந்தப் பதிலில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் பிரச்சினையின் முதல் முடிச்சு இங்கேதான் இருந்தது.

ரிமோட்டை மாற்றினான், நோய் தீரவில்லை

சற்று நேரத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கியபோது அவன் திருப்ப முயன்றான். வண்டி சட்டென்று உயிரிழந்தது. ஓரிரு விநாடி கழித்துத் தானே உயிர்பெற்றது. மறுபடி திருப்பினான், மறுபடி செத்தது.

"ரிமோட் சிக்னல் பிரச்சினை மாமா. போன மாசம் புது ரிமோட் வாங்கி மாத்தினேன். அப்பவும் சரியாகல. அடுத்து மோட்டாரை மாத்தணும்."

"சிக்னல்தான் பிரச்சினைன்னு எப்படித் தெரியும்?"

அவனிடம் பதில் இல்லை. வீடியோவில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஏர்கோன் பழுதுபார்ப்பவர். பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், மல்டிமீட்டரை எடுத்து ரிசீவரில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார்.

"இப்ப திருப்பு தம்பி." 6 வோல்ட் காட்டியது.

"இப்ப நான் சக்கரத்தக் கையில புடிச்சுக்கிறேன். இப்ப திருப்பு." எண் சரசரவென்று 4-க்கும் கீழே இறங்கியது. வண்டி செத்தது.

"உன் ரிமோட் நல்லாத்தான் இருக்கு. திருப்புற மோட்டாருக்குத் தீனி பத்தல. வீட்டுல பழைய ஏர்கோன் ஸ்டார்ட் ஆகும்போது லைட்டு மங்குதுல்ல? அதே கதைதான்."

விஷயம் இதுதான். சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரைப் பையன் மாற்றியிருந்தான். பழையது பலவீனமாக இருந்ததால், 25 கிலோ-செண்டிமீட்டர் வலுவுள்ள ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தான். அதாவது, அச்சிலிருந்து 1 செண்டிமீட்டர் தூரத்தில் 25 கிலோ எடையைத் தாங்கும் வலு. அவ்வளவு வலுவுள்ள மோட்டார் சிக்கிக்கொண்டால் மின்னோட்டத்தை மளமளவென்று இழுக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் சிறிய மின்சீராக்கியால் அவ்வளவைக் கொடுக்க முடியவில்லை. மின்னழுத்தம் சரிந்தது. அதே மின்சாரத்தில் ஓடும் ரிசீவர் அணைந்துபோனது. சர்வோவுக்கென்று தனி மின்சீராக்கி ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக இணைத்தால் போதும். அதன் விலை, அவன் வீணாக வாங்கிய ரிமோட்டின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

பத்து நிமிடத்தில் நோய் தெரிந்துவிட்டது. பையன் வாயடைத்து நின்றான். அவன் முகத்தைவிட அத்தான் முகத்தைத்தான் நான் கவனித்தேன். வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

555 புத்தகம்

இரவில் பையனோடு உட்கார்ந்து நடந்ததை வரிசைப்படுத்தினோம். போன பள்ளி விடுமுறையில் ஒரே வாரத்தில் நான்கு மாற்றங்கள் செய்திருக்கிறான். பெரிய டயர், அடியில் பித்தளை எடைகள், புதிய சர்வோ, கூரையில் கேரியர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விளைவு உண்டு. டயரின் விட்டம் 108 மில்லிமீட்டரிலிருந்து 120-க்குப் போனால், தரையிலிருந்து வண்டியின் உயரம் கூடும். கூடவே, சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரமும் பதினோரு விழுக்காடு கூடும். மோட்டாருக்கு அந்த அளவு பளு அதிகம். 13 பல் கொண்ட சிறிய கியரை 12 பல்லுக்கு மாற்றினால் பெரும்பகுதியை ஈடுகட்டலாம். அவன் அதைச் செய்யவில்லை, மோட்டார் சூடேறியது. முன் அச்சில் பித்தளை எடை சேர்த்தால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது. ஆனால் கனமான முன்பகுதியையும் பெரிய டயரையும் திருப்ப சர்வோ கூடுதலாக உழைக்க வேண்டும். கீழே பித்தளையால் சம்பாதித்த உறுதியை மேலே கேரியர் தின்றுவிட்டது.

நான்கையும் சேர்த்துச் செய்ததால் எது எதைக் கெடுத்தது என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரியாதபோது, அவன் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான்: ஊகித்தான், கடைக்குப் போனான், இன்னொன்று வாங்கினான். அத்தானின் ஆயிரம் வெள்ளிக் கோபம் உண்மையில் இந்த இடத்தின்மேல் வர வேண்டிய கோபம்.

மறுநாள் கிளம்புமுன் மளிகைக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். நம் பாட்டிமார்கள் கடைக்காரரிடம் கடன் எழுதி வைத்த அதே சின்னப் புத்தகம்தான். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி எழுதச் சொன்னேன். என்ன கோளாறு கண்டேன்? என்ன அளந்தேன்? எந்த ஒன்றை மட்டும் மாற்றினேன்? பிறகு அளந்தபோது என்ன வந்தது? எவ்வளவு செலவு?

அவனுடைய முதல் பக்கம் செலவில்லாத ஒரு சோதனை. ஒரு பலகைமேல் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பலகையை மெல்லத் தூக்கி, எந்தச் சாய்வில் கவிழ்கிறது என்று கைப்பேசியின் சாய்வுமானியால் அளந்தான். கேரியரோடு 33 டிகிரி. கேரியரைக் கழற்றியபின் 38. பின்பக்கம் உயரத்தில் இருந்த பேட்டரியை முன்பக்கம் தாழ்வாக மாற்றியபின் 41. எட்டு டிகிரி லாபம், செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி அவனே பெரிதாக ஒரு வட்டம் போட்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தான்.

பாறையும் பாடநூலும்

இப்போது தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் படிவ இயற்பியல் நூலின் முதல் நான்கு அத்தியாயங்கள் எவை? விசையும் இயக்கமும், அழுத்தம், மின்சாரம், மின்காந்தவியல். அந்த ஜீப்பைக் கவிழ்த்துப் போட்டால் நான்கும் அதற்குள் இருக்கின்றன. சாய்தளத்தில் ஏறுவது முதல் அத்தியாயம். டயர் பாறைமேல் அழுந்துவது இரண்டாவது. மின்னோட்டம் கூடும்போது மின்னழுத்தம் சரிவது மூன்றாவது. மோட்டார் சுழல்வது நான்காவது.

அப்படியானால் அவன் ஏன் தேர்ச்சி பெறவில்லை? அவனிடமே கேட்டேன். வண்டியை வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் போட வைத்தேன். வண்டியின் எடை 3 கிலோ. புவியீர்ப்பு அதைச் சுமார் 30 நியூட்டன் விசையால் இழுக்கிறது. 30 டிகிரி சரிவில் அதில் பாதி, அதாவது 15 நியூட்டன், வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும். சக்கரத்தின் ஆரம் 6 செண்டிமீட்டர். ஆகவே ஏறுவதற்குச் சக்கரங்களுக்குத் தேவையான முறுக்குவிசை 15-ஐ 0.06-ஆல் பெருக்க 0.9 நியூட்டன்-மீட்டர். மோட்டார் 40 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்படி கியர்கள் இருந்தால், உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, மோட்டார் தர வேண்டியது 0.0225 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. கட்டைவிரல் தடிமனை விடச் சற்றே பெரிய மோட்டார் ஏன் பாறை ஏறுகிறது என்பதற்கான விடை அந்த 40-இல் இருக்கிறது. வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கிக்கொள்கிறது.

கணக்கு முடிந்ததும் பையன் சொன்னான்: "இது அந்த சாய்தளக் கேள்விதானே மாமா. பரீட்சையில வந்துச்சு. நான் விட்டுட்டேன்."

கைக்குத் தெரிந்தது தாளுக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஒரு பாலம் இல்லை. அந்தப் பாலம் தானாக வளரும் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த வண்டியை வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் இயற்பியலில் சிறந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதிரிப்பாகம் வாங்கிப் பூட்டுவது மட்டும் கல்வியாகாது, அது கடைக்காரருக்குத்தான் வருமானம். அளப்பதும், எழுதுவதும், ஏன் என்று கேட்பதும் சேரும்போதுதான் அது கல்வியாகிறது.

அந்த அண்ணனைப் பற்றி ஒரு சொல்

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மல்டிமீட்டரோடு வந்த அந்த அண்ணனை நம் சமூகம் எப்படி அழைக்கும்? 'படிப்பு ஏறாதவர்'. ஆனால் அன்று அந்த வீட்டில் அறிவியல் முறையில் சிந்தித்தவர் அவர் ஒருவர்தான். ஊகிக்கவில்லை, அளந்தார். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார். காரணத்தை எங்கள் எல்லோருக்கும் புரிகிற தமிழில் சொன்னார்.

தொழிற்கல்லூரி, திறன் பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'டிவெட்' கல்வி மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசிக் கதவு என்று நினைக்கிறார்கள். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு அது முதல் கதவாகக்கூட இருக்கலாம். ஒரு காலத்தில் தோட்டத்து டிராக்டரையும் ஜெனரேட்டரையும் ஓட வைத்த கைகள் நம் தாத்தாமார்களின் கைகள்தாம். அந்தக் கைகளுக்குச் சான்றிதழ் இல்லாமல் போனதுதான் நமக்கு நேர்ந்த இழப்பு. இன்று சான்றிதழுக்கு வழி இருக்கிறது, கைகளைத்தான் நாம் பூட்டி வைக்கிறோம்.

மாணவர்களுக்கு

இப்படியொரு வண்டி உங்களிடம் இருந்தால், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மாற்றும் முன் அளவெடுங்கள், மாற்றியபின் அளவெடுங்கள், இரண்டையும் எழுதி வையுங்கள்.

லித்தியம் பாலிமர் பேட்டரியோடு விளையாட வேண்டாம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க விடக்கூடாது. பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அதற்கென்றே உள்ள சார்ஜரில், தீப்பிடிக்காத தளத்தின்மேல், ஆள் பார்வையில் வைத்து மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டு வைக்காதீர்கள்.

ஆற்றங்கரைக்குத் தனியாகப் போக வேண்டாம். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே 'கெபாலா ஆயர்' எனும் நீர்ப்பெருக்கு வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினால் வண்டியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். வண்டியை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

வண்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். தம்பி தங்கையின் பொம்மை லாரி ஒன்றும், ஒரு பலகையும், சில இருபது சென் நாணயங்களும் போதும். நாணயங்களை லாரியின் கூரைமேல் ஒட்டி, கவிழும் சாய்வை அளந்து பாருங்கள். பிறகு அதே நாணயங்களை அடிப்பாகத்தில் ஒட்டி அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதி, வேறுபாட்டுக்குக் காரணத்தை மூன்று வரியில் தமிழில் விளக்குங்கள். உங்கள் அம்மாவுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் இருக்கிறது, அறிவியல் கழகம் இருக்கிறது. இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவிலான, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள சிறிய பாறையேறும் வண்டிகள் இப்போது கிடைக்கின்றன. கழகத்துக்கு ஒன்று இருந்தால் போதும். பழைய புத்தகங்களும் அட்டைப் பெட்டிகளும் பாறைகளாகும். வேகமாக முடித்தவருக்குப் பரிசு தராதீர்கள். தான் செய்த ஒரு மாற்றத்தின் காரணத்தை அளவுகளோடு விளக்கியவருக்குக் கொடுங்கள்.

பெற்றோர்களே, பூட்டி வைப்பது எளிது. பூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இதை ஏன் மாற்றினாய்?" பிள்ளை உற்சாகத்தோடு அரைமணி நேரம் விளக்கினால், அந்த ஆர்வத்தைப் பாடத்தோடு இணைக்க வழி தேடுங்கள். "எல்லாரும் மாட்டியிருக்காங்க" என்று மட்டும் பதில் வந்தால், பணப்பையை மூடுங்கள், வண்டியை மூட வேண்டாம்.

என் அக்காள் வீட்டில் இப்போது ஓர் உடன்பாடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வண்டி. எந்தப் பாகம் வாங்குவதானாலும் 555 புத்தகத்தில் அதற்கான பக்கத்தை அத்தானிடம் படித்துக் காட்ட வேண்டும். போன வாரம் ஒரு கோரிக்கையை அவர் தள்ளுபடி செய்துவிட்டாராம். "அளக்காம எழுதியிருக்கான், மச்சான்" என்றார். அவர் குரலில் பழைய கோபம் இல்லை. மதிப்பெண் என்னவாகும் என்று கேட்காதீர்கள். எஸ்.பி.எம். இன்னும் வரவில்லை. பையன் இன்னும் நிறையப் படிக்க வேண்டும், அதை அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

என் பங்குக்கு நானும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். தேர்வு ஆண்டில் பொழுதுபோக்குகளை மூட்டைகட்டி வையுங்கள் என்று எழுதினேன். அளந்து பார்க்காமல் எழுதிய வரி அது. நேரத்துக்கு எல்லை வையுங்கள், பணத்துக்குக் கணக்கு வையுங்கள், ஆனால் பிள்ளை எதைக் கழற்றிப் பார்க்கிறான் என்பதை ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று அந்த வரியை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். பழையதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அக்காளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.